வாளியிலிருந்து தள்ளி நில்

"மூணு தடவ ஆச்சு," என்றார் திருமதி ஹேவர்டி. "நாளைக்குக் காலைல ஓஹையோவுக்கு விமானம். என் பொண்ணத் தேர்ந்தெடுக்க வைக்கிறதாச் சொல்லித்தான் உங்க கம்பெனி உங்கள அனுப்பிச்சுது. இல்ல, நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா?"

அவர் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. அதற்காகத்தான் நான் அங்கே நின்றிருந்தேன்.

எங்கள் கிசிமி ஊரில் பாதிப் பேருக்குக் கேளிக்கைப் பூங்காக்களில்தான் பிழைப்பு. எனக்கும் அப்படித்தான், ஆனால் நான் பூங்காவின் ஆள் இல்லை. வெளியூர்க் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றும் சிறு நிறுவனம் ஒன்றில் வழிகாட்டி. லைல் என்பவர் அதை நடத்துகிறார். துறைமுகப் பூங்காவில் 'விளக்குக் காவலர்' என்று ஒரு காட்சி உண்டு. முப்பது பேரை ஒரு வட்ட அறைக்குள் விடுவார்கள். தாடி வைத்த காவலர் படியில் நின்று ஒரு சுற்று பார்த்துவிட்டு ஒரே ஒரு குழந்தையைக் கூப்பிடுவார். அது பித்தளைச் சக்கரத்தைத் திருப்பினால் கோபுர உச்சியில் விளக்கு எரியும், அறைக்குள் காற்று சுழன்றடிக்கும், சுவரெல்லாம் கடலாகும். முடிவில் காவலர் ஒரு நீலத் தொப்பியை அந்தக் குழந்தையின் தலையில் வைப்பார். அந்தத் தொப்பி கடையில் கிடைக்காது. அத்தனை சண்டையும் அதனால்தான்.

ஹாட்டி ஹேவர்டிக்கு ஏழு வயது. முன்பற்கள் இரண்டும் இல்லை. அவளுடைய அண்ணன் போர்ட்டருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தொப்பி கிடைத்தது. பதினோரு வயதிலும் அதைக் கழற்றாமல் திரிந்தான். இப்போது அது சிறிதாகிப்போய் அவன் உச்சந்தலையில் உட்கார்ந்திருந்தது. ஹாட்டி தொட்டால் கையில் அடிப்பான்.

"நீ சக்கரத்தத் திருப்பினா வெளக்கு எரியாது, மிச்சப் பல்லும் விழும்," என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ஒவ்வொரு முறையும் அந்தத் தொப்பியைத்தான் பார்த்தாள், அவனை அல்ல.

லைல் முந்தைய வாரமே என்னிடம் சொல்லியிருந்தார்: "மாரிசெல், வரிசையா நாலு குடும்பம் புகார் எழுதியிருக்கு. அஞ்சாவது வந்துச்சுன்னா நீ வேற எடம் பாத்துக்கோ." ஹேவர்டி குடும்பம்தான் ஐந்தாவது.

என்னிடம் முறை இல்லாமல் இல்லை. அன்று மதியத்தோடு அந்தக் காட்சியை ஐம்பத்தோரு தடவை பார்த்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் நோட்டில் அறையின் படம் வரைவேன். தூண், கயிறு, சக்கரம், தேர்வான குழந்தை நின்ற இடம், சட்டையின் நிறம், கை தூக்கியதா இல்லையா, எல்லாம் இருக்கும். அதிலிருந்து விதிகள் எடுத்தேன். மஞ்சள் சட்டை. இடப்பக்கம், முன்னால். கை தூக்கக் கூடாது. பெற்றோர் பின்னாலிருந்து தள்ளக் கூடாது. வரிசையில் யாரிடமும் பேசக் கூடாது, நாற்பது நிமிஷம் வெயிலில் வாயாடிய குழந்தை உள்ளே நுழையும்போது வாடிப்போயிருக்கும். கடைசி விதி, உள்ளே இருக்கும் தகர வாளியைப் பற்றியது. வேடம் போட்ட கூட்டுகிறவள் ஒருத்தி அதன் பக்கத்தில் நின்று குழந்தையை மறைப்பாள். 'வாளியிலிருந்து தள்ளி நில்' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

ஆரம்பத்தில் நான் கூட்டிப்போன குழந்தைகளில் இரண்டு பேர் தேர்வானார்கள். அப்போது விதிகள் முழுதாகவில்லை. முழுதானபின் ஒருவர்கூட இல்லை. இதை நான் கவனிக்காமல் இல்லை. விதிகள் இன்னும் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றும் அப்படித்தான். பதினொரு மணிக் காட்சியில் மூக்கு ஒழுகிக்கொண்டு அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பையனைக் கூப்பிட்டார்கள். அடுத்ததில் மூன்றாவது வரிசையில் சட்டையெல்லாம் ஐஸ்கிரீம் ஒழுகிய ஒரு சிறுமி. இரண்டு மணிக்கு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்த ஒருவன். ஹாட்டி மூன்று தடவையும் மஞ்சள் சட்டையில், முன்னால் இடப்பக்கம், கை கட்டி, விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவள் தவறவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே காட்சி. யாரோ தனியார் விருந்து வைக்கிறார்கள் என்று பூங்காவை ஆறு மணிக்கே மூடுவதாக இருந்தது. ஐந்து மணிக் காட்சிக்கு நாலரைக்கே வரிசையில் நின்றோம்.

அந்த வரிசைக்குள்தான் டார்கஸ் வந்தாள். நான் சொன்ன கூட்டுகிறவள். கோடு போட்ட சட்டை, முழங்காலுக்கு மடித்த கால்சட்டை, நீளத் துடைப்பம், அந்தத் தகர வாளி. முப்பத்தைந்து வயதிருக்கும். கயிறுகளுக்கு நடுவே புகுந்து புகுந்து தரையைத் துடைப்பாள், வாய் மட்டும் ஓயாது.

"கப்பல்கார ஐயா, கொஞ்சம் கால எடுங்க, கீழ நண்டு இருக்கு," என்றாள் எங்களுக்கு முன்னால் நின்ற சின்னப் பையனிடம்.

அவன் காலைத் தூக்கிப் பார்த்தான். "அது நண்டு இல்ல. சிப்ஸ்!"

"ஐயையோ, அப்ப நண்டு எங்க போச்சு? உங்க பாக்கெட்டக் காட்டுங்க பாப்போம்."

வரிசை சிரித்தது. அடுத்து ஹாட்டியிடம் குனிந்தாள். "அம்மணி, ரெண்டு பல்லக் காணோமே? காலைல நான் ரெண்டு பல்லப் பெருக்கினேன். உங்களோடதா?"

ஹாட்டியின் வாய் திறந்தது. பிறகு அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தேன். வாய் மூடிக்கொண்டது.

டார்கஸ் நிமிர்ந்தாள். "ஓ, நோட்டுக்காரம்மா சரக்கா இது? வாயத் தொறக்கறதுக்கும் சீட்டு வாங்கணும் போல."

"நீங்க உங்க வேலையப் பாருங்க," என்றேன்.

"அதத்தான் பாக்கறேன்," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

அதே நேரத்தில் வானம் கறுத்து இடி விழுந்தது. ஜூலை மாதத்தில் எங்களுக்கு இது அன்றாடம். மின்னல் அடங்கும்வரை வரிசையை நிறுத்திவைப்பதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எல்லோரும் கூடாரத் துணிக்குக் கீழே நெருக்கிக்கொண்டு நின்றோம். மழை பக்கவாட்டில் அடித்தது.

"அந்த நோட்டக் குடுங்க," என்றார் திருமதி ஹேவர்டி. கொடுப்பதற்குள் பிடுங்கிக்கொண்டார். இரண்டு மூன்று பக்கம் புரட்டினார். "இது என்ன? ஹாட்டிகூட இதவிட நல்லா வரைவா. இத நம்பியா காலைலேருந்து எங்களப் பொம்மை மாதிரி நிக்க வெச்சீங்க?" நோட்டைப் போர்ட்டரின் கையில் திணித்துவிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் என்று வாசல்காரரிடம் சண்டை போடப் போனார்.

போர்ட்டர் ரசித்துப் புரட்டினான். "இந்த வட்டம் என்ன, குப்பைத்தொட்டியா?"

"வாளி."

"எல்லாப் படத்துலயும் ஒரே எடத்துல போட்டிருக்கீங்க. அந்தப் புள்ளைக்குப் பின்னாடியே. வேற எடத்துல வரையத் தெரியாதா?"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். நாற்பத்தாறு படங்களில் வாளி இருந்தது, நாற்பத்தாறிலும் தேர்வான குழந்தைக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில். மற்ற ஐந்தில் நான் வாளியைக் குறிக்கவே இல்லை. வரைந்தது நான்தான். மறைக்கும் பொருள் என்று வரைந்ததால் அதை வேறு எதுவாகவும் நான் பார்க்கவில்லை.

"போர்ட்டர், ஒனக்குத் தொப்பி கெடச்ச அன்னிக்கு வரிசைல யாராவது பேசினாங்களா?"

"ஒரு பொம்பள வாளியப் பிடின்னு சொன்னா. தண்ணியெல்லாம் என் ஷூ மேல ஊத்திருச்சு. நீதான் இனிமே மீனுன்னு சொன்னா. நான் கெட்ட வார்த்த சொன்னேன், அவ சிரிச்சா."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"யாரும் கேக்கல," என்றான்.

டார்கஸ் கூடாரத்தின் கடைசி ஓரத்தில் துடைப்பத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். நேரே போனேன்.

"நீங்கதான் எடுக்கறீங்க. அந்தக் காவலர் இல்ல."

அவள் பிழிவதை நிறுத்தவில்லை. "மெதுவாப் பேசு. அவர் கண்ணுல மேடை வெளக்கு அடிக்குது, எதிர்ல ஒண்ணும் தெரியாது. தகர வாளி மட்டும்தான் மின்னும், அதுக்கு முன்னாடி நிக்கிற புள்ளையக் கூப்பிடுவார். அறுபது தடவ பாத்து இப்பதான் புரிஞ்சுதா?"

"ஐம்பத்தோரு தடவ."

"பெரிய வித்தியாசம்."

"அப்ப என் பிள்ளைங்கள ஏன் எடுக்கறதில்ல?"

"உன் பிள்ளைங்களா?" இப்போது நிமிர்ந்தாள். "ஒவ்வொண்ணையும் கேட்டுப் பாத்தாச்சு. பேரக் கேட்டேன், நண்டக் காட்டினேன், பல்லக் கேட்டேன். எல்லாம் உன் மூஞ்சியப் பாக்குது. மேடைல ஏத்தினா அங்கேருந்தும் உன் மூஞ்சியத் தேடும். ஒரு பச்சச் சட்டப் பையன் சக்கரத்தப் பிடிச்சிட்டு ஒன்னக் காணோம்னு அழுதானே, ஞாபகம் இருக்கா? அம்பது பேர் முன்னாடி?"

"முப்பது பேர்."

"அதுக்கு உன் நோட்டுல என்ன போட்ட?"

அந்தப் பக்கம் எனக்கு நினைவிருந்தது. 'தேர்வு: ஆம்' என்று போட்டிருந்தேன். அழுததைக் குறிக்க அதில் கட்டம் இல்லை.

"அது போன கத," என்றேன். "இந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? மூணு காட்சி கால் கடுக்க நின்னிருக்கு. என்மேல இருக்கற காட்டத்த அதுமேல காட்டறீங்க."

"ஆமா," என்றாள் பட்டென்று. "கொஞ்சம் அதுவும்தான். ஒன்னப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. நீ பக்கத்துல நிக்கிற புள்ளமேல கைய வைக்கறதில்லன்னு வெச்சிருக்கேன். போய்ப் புகார் குடு. அனுமதி இல்லாம உள்ள பூந்து வழிகாட்டற ஆளுங்களத்தான் எங்க மேற்பார்வையாளர் தேடிட்டு இருக்கார். உன் வருஷச் சீட்டக் கிழிச்சுக் கையில குடுப்பார்."

"தொடப்பத்தப் பிடிக்கறதுக்கே இவ்வளவு திமிரா?"

சொன்ன உடனேயே அசிங்கமாக இருந்தது. என் அம்மா இருபது வருஷமாக ஓட்டலில் அறை கூட்டுகிறாள். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

டார்கஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பாத்தியா, வாய் இருக்கு ஒனக்கும். அந்தப் புள்ளைங்க வாயத்தான் தச்சு வெச்சிருக்க."

"நான் இங்க இல்லன்னா?"

"இல்லாம இருந்து பாரு. வாக்கெல்லாம் கெடையாது."

திரும்பி நடக்கும்போது யோசித்தேன். இருந்தால் ஹாட்டியை எடுக்க மாட்டாள், புகார் வரும். போனால் பாதியில் விட்டுப் போனதாகப் புகார் வரும். இரண்டிலும் என் வேலை போகிறது, ஒன்றில் மட்டும் ஹாட்டிக்கு ஒரு வழி இருக்கிறது. இவ்வளவு எளிதான விஷயம்தான், ஆனால் மழை விடுகிறவரை நான் அதையே பிசைந்துகொண்டிருந்தேன். திருமதி ஹேவர்டியிடம் உண்மையைச் சொல்லலாம் என்றும் தோன்றியது. சொன்னால் மகளின் கழுத்தைப் பிடித்து வாளியின் மேல் தள்ளுவார். இரவுக்குள் அம்மாக்களின் குழுக்களிலெல்லாம் வாளியின் படம் போயிருக்கும்.

வரிசை நகரத் தொடங்கியது.

"நீங்க மட்டும் போங்க," என்றேன். "நான் வரல."

"என்னது?"

"நான் வெளில இருக்கேன்."

"கடைசிக் காட்சில? என்ன காரணம்?"

"என்னால முடியல."

"முடியலையா?" அதுவரை இருந்த மரியாதை அந்த இடத்தில் கழன்று விழுந்தது. "நீ யாருன்னு நெனச்சுக்கிட்ட? காலைலேருந்து என் பொண்ணப் பட்டாளத்துல சேத்த மாதிரி விரட்டிட்டு, இப்ப நடுவுல ஓடறியா?"

"தோத்துட்டாம்மா, அதான் ஓடறா," என்றான் போர்ட்டர் சந்தோஷமாக.

திருமதி ஹேவர்டி போனை எடுத்து என் முகத்தைப் படம் பிடித்தார். "மூஞ்சியோட போடறேன். இனிமே ஒரு குடும்பமும் ஒன்ன நம்பக் கூடாது."

நான் ஹாட்டியின் உயரத்துக்குக் குனிந்தேன். "விதியெல்லாம் முடிஞ்சுது."

"கை தூக்கலாமா?"

"தூக்கு."

"பேசலாமா?"

"யார் கேட்டாலும் பேசு. என்னத் தேடாத, நான் அங்க இருக்க மாட்டேன்."

"நல்லது," என்றாள். "நீங்க எப்பப் பாத்தாலும் மொறச்சிட்டே இருக்கீங்க."

காட்சி பன்னிரண்டு நிமிஷம். வெளியேறும் கதவு கடைக்குப் பக்கத்தில் திறக்கும். அதற்கு எதிரே, தண்ணீர் சொட்டும் பனைமரத்தடியில் போய் நின்றேன். ஏழாவது நிமிஷத்தில் கோபுர உச்சியில் விளக்கு எரிந்தது. யாரோ ஒரு குழந்தை சக்கரத்தைத் திருப்பியிருக்கிறது. எந்தக் குழந்தை என்பதை விளக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐம்பத்தோரு தடவை அதை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு சிறியதாக இருக்கும் என்று தெரியாது.

கதவு திறந்தது. முதலில் வேறு யாரோ வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கண்ணை மறைக்கும் அளவுக்குப் பெரிய நீலத் தொப்பியோடு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து வழி பார்த்துக்கொண்டே ஹாட்டி வந்தாள். போர்ட்டர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"என்னுதுதான் பழைய நீலம். இது டூப்ளிகேட்," என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவள் காதில் வாங்கவில்லை.

என்னைப் பார்த்ததும் திருமதி ஹேவர்டி நின்றார். "இன்னும் நிக்கிறியா? பாத்துக்கோ. நீ தொலைஞ்சப்புறம்தான் நடந்துது."

"ஆமா," என்றேன்.

"ஆமாவா? வெக்கமா இல்ல?"

"அந்த அக்கா வாளிக்குள்ள என் பல்லத் தேடச் சொன்னாங்க," என்றாள் ஹாட்டி தொப்பிக்குக் கீழேயிருந்து. "கைய விட்டுத் தேடினேன். ஒரே அழுக்குத் தண்ணி. நீங்க பொய் சொல்றீங்கன்னு சொன்னேன்."

"அவகிட்ட என்ன பேச்சு? வா," என்று அவர் அவளை இழுத்துக்கொண்டு போனார். ஹாட்டி ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டடத்தின் பக்கக் கதவு வழியாக டார்கஸ் வந்து வாளியைக் கவிழ்த்தாள். அழுக்குத் தண்ணீர் என் செருப்பைச் சுற்றி ஓடியது. அவள் வேண்டுமென்றே செய்தாளா என்று தெரியவில்லை. வேண்டுமென்றேதான் செய்திருப்பாள்.

"இன்னும் போகல?"

"போறேன்."

"ஒனக்காக எடுக்கல."

"தெரியும்."

"நாளைக்கு வேற ஒண்ணக் கூட்டிட்டு வந்தீன்னா இதே கததான்," என்று சொல்லிவிட்டுக் கதவைக் காலால் சாத்தினாள்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது லைல் கூப்பிட்டார்.

"அந்த ஹேவர்டி நம்ம கம்பெனிக்கு ஒத்த ஸ்டார் போட்டிருக்கா. உன் மூஞ்சிய வேற போட்டிருக்கா, கோணலா இருக்கு," என்றார். "ஆனா அதுக்குக் கீழயே தொப்பி போட்ட பொண்ணு படமும் இருக்கு. என்ன நடந்துது?"

"தேர்வாயிட்டா."

"அது தெரியுது. எப்படி? நாலு குடும்பத்துக்கு முடியல, இவளுக்கு எப்படி முடிஞ்சுது? நீ என்னமோ கண்டுபிடிச்சிருக்க. அதச் சொல்லு, எல்லா வழிகாட்டிக்கும் அனுப்பறேன். புகார நான் பாத்துக்கறேன், உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

லைலிடம் பத்து வழிகாட்டிகள். ஆளுக்கு இரண்டு குடும்பம் என்றால்கூட ஒரு நாளைக்கு இருபது குழந்தைகள். வாளியைக் கண்டதும் சிரிக்கவும், நண்டு என்றால் காலைத் தூக்கவும், வீட்டிலேயே பழக்கிக் கூட்டிவரப்பட்ட இருபது குழந்தைகள். டார்கஸ் துடைப்பத்தை நகர்த்த இடம் இல்லாமல் நடுவில் நிற்பது கண்ணில் தெரிந்தது. அவளுக்கு அது வேண்டியதுதான் என்றும் ஒரு கணம் தோன்றியது.

"எழுதிக்கறீங்களா?" என்றேன்.

"சொல்லு, சொல்லு."

"மஞ்சச் சட்ட. எடப்பக்கம், முன்னால. கை தூக்கக் கூடாது."

"இது நீ ஏற்கெனவே பண்ணிட்டிருந்ததுதானே?"

"வரிசைல யார்கிட்டயும் பேசக் கூடாது. முக்கியமா, உள்ள ஒரு வாளி இருக்கும். அதுலேருந்து தள்ளி நிக்கணும்."

அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இதச் சொல்லத்தான் இருக்கியா நீ? எங்கிட்டயே வேல காட்டறியா?" என்றார். "நாளைலேருந்து வர வேண்டாம்." போனை வைத்துவிட்டார்.

பேருந்து வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, இதை எழுதுவதற்காக நோட்டைத் திறந்தேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதச் சொல்லியிருக்கிறார் எங்கள் மாலை எழுத்து வகுப்பு ஆசிரியை. லைலிடம் சொன்ன இடம் வரும்வரை எனக்கு ஒரே திருப்தியாக இருந்தது. அந்த இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. லைல் கோபத்தில் அதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடாமல் பத்துப் பேருக்கும் அனுப்பியிருந்தால், நாளைக் காலையில் இருபது குழந்தைகள் வாயை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, வாளியை விட்டு விலகி நிற்பார்கள். அவர்கள் யாருக்கும் தொப்பி கிடைக்காது. அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டாம், ஒரு வரி மட்டும் சொன்னால் போதும் என்று நினைத்தேன். போனை எடுத்து லைலுக்கு எழுதினேன்: 'ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வரிசையில் குழந்தைகள் பேசலாம்.'

செய்தி போகவில்லை. என் எண்ணை அவர் தடுத்துவிட்டிருந்தார்.